கடைசி கிளிப்பை எங்கே மாட்டுவது?



போன இதழில் டெல்டா கோயில் ஊர்களுக்குக் காரில் போய்வருவது பற்றி எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி, 'எங்க ஊர்க் கோயிலை எப்படி விட்டீர்கள்' என்ற உரிமைச் சண்டை. அது எதிர்பார்த்ததுதான். கும்பகோணத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம்தான் எதிர்பாராதது. "எந்தக் கோயிலில் எப்போது நடை திறக்கும் என்றெல்லாம் எழுதினீர்கள். போன இடத்தில் வண்டி செல்ஃப் எடுக்காவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வரி உண்டா?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இந்த மாத ஆசிரியர் பக்கத்தை அவருக்கே கொடுத்துவிடுகிறேன். அரசியலும் இலக்கியமும் அடுத்த மாதம் வரை காத்திருக்கட்டும்.

அவர் எழுதிய சம்பவம் இது. உறவினர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. மண்டபத்துக்குப் பின்னால் வண்டியை நிறுத்தும்போது பார்க்கிங் லைட்டை அணைக்கவில்லை. பந்தி முடிந்து, தாம்பூலப் பையோடு வந்து சாவியைத் திருப்பினால் 'டக் டக் டக்' என்று சத்தம் மட்டும். உடனே கூட்டம் கூடிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுச் சித்தப்பா "தள்ளுங்கப்பா" என்றார். இன்னொருவர் பேட்டரியைக் கழற்றி மாட்டச் சொன்னார். சீரியல் செட் போட வந்த பையன் தன்னிடம் இருந்த வயரில் இரண்டு துண்டு வெட்டிக்கொடுத்தான். பக்கத்துக் காரிலிருந்து இழுத்து மாட்டினார்கள். சாவியைத் திருப்பியதும் வயரின் தோல் இளகி நாற்றம் வந்தது, வண்டி அசையவில்லை. "ஜெனரேட்டர் ஏத்தி வந்த லாரி நிக்குது பாரு, அதுல பெரிய பேட்டரி இருக்கும்" என்று யாரோ யோசனை சொல்ல, லாரி டிரைவரே ஓடிவந்து தடுத்தாராம்: "ஐயோ, அது இருபத்தி நாலு வோல்ட்டுங்க! கொடுத்தா உங்க காரு அவ்வளவுதான்!"

கடிதத்தின் கடைசி வரி: "இடையில் நான் ஏதோ கேட்டேன் சார். 'நீ சும்மா இரும்மா' என்றார்கள். அந்த வண்டியை ஓட்டி வந்ததே நான்தான்."

அம்மா, உங்களுக்காகவும், 'சும்மா இரும்மா' என்று சொன்னவர்களுக்காகவும் சேர்த்தே எழுதுகிறேன். அவர்களுக்குத்தான் இது அதிகம் தேவைப்படும் போலிருக்கிறது.

செல்ஃப் எடுக்கவில்லை என்றாலே பேட்டரிதான் என்று முடிவு கட்ட வேண்டாம். முதலில் ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள், ஹாரனை அடித்துப் பாருங்கள். விளக்கு மங்கலாக எரிந்து, சாவியைத் திருப்பும்போது இன்னும் அழுதால் பேட்டரி இறங்கியிருக்கிறது. 'டக் டக் டக்' சத்தமும் அதைத்தான் சொல்கிறது. விளக்கு பளிச்சென்று எரிந்தும் வண்டி அசையவில்லை என்றால் செல்ஃப் மோட்டாரிலோ அதன் இணைப்பிலோ கோளாறு இருக்கலாம். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் டீசல், பெட்ரோல் பக்கம் பார்க்க வேண்டும். பின்னிரண்டுக்கும் இன்னொரு பேட்டரியைக் கொண்டுவந்து பயனில்லை. சில சமயம் பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போய், கிளாம்ப் லூஸாகி இருக்கும். அதைக் கையால் ஒரு திருகு திருகினாலே வண்டி எடுத்துக்கொள்வதும் உண்டு. அந்தப் பூப்பைத் துடைக்க வெந்நீரும் ஆப்ப சோடாவும் போதும். மறுபடி பூக்காமலிருக்கக் கொஞ்சம் வாசலின்.

பேட்டரி ஏன் இப்படிக் கைவிடுகிறது? நம் கார்களில் இருப்பது ஈயமும் கந்தக அமிலமும் சேர்ந்த பேட்டரி. பிரான்சின் காஸ்தோன் பிளான்டே 1859இல் உருவாக்கிய அதே அடிப்படைதான். உள்ளே ஆறு அறைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட். ஆக, முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வாக இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே போய்விட்டால் ஏறக்குறைய காலி. சின்னக் கார்களில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி சாதாரணம். ஹெட்லைட் இரண்டையும் அணைக்காமல் போனால் சுமார் நாலு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கதவு சரியாகச் சாத்தாமல் உள்விளக்கு எரிந்துகொண்டிருந்தால் மூன்று, நாலு நாள் தாங்கும். எதையும் விட்டுவைக்காமல் பூட்டினாலும், அலாரமும் கடிகாரமும் கம்ப்யூட்டரும் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் வரை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். கணக்குப் போட்டால் ஒரு மாதத்தில் பேட்டரி முழுக்கக் காலி. ஆனால் செல்ஃப் எடுக்க மறுக்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, பாதிக்கு மேல் இறங்கினாலே போதும். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது வாசலில் நின்ற கார்கள் வரிசையாகப் படுத்ததற்கு இதுதான் காரணம்.

செல்ஃப் மோட்டார் சுற்றும் அந்த ஓரிரு நொடியில் நூறு, இருநூறு ஆம்பியர் கேட்கும். டீசல் வண்டி அதைவிடக் கூடுதலாகவே கேட்கும். அமெரிக்காவில் சார்ல்ஸ் கெட்டரிங் வடிவமைத்த செல்ஃப் மோட்டார் 1912 மாடல் கேடிலாக்கில் வந்தது. அதுவரை இரும்புக் கைப்பிடியைச் சொருகிச் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், பின்னடித்தால் மணிக்கட்டு போய்விடும். நம் ஊர்ப் பழைய அம்பாசடர்களின் முன்பக்கம் அந்தக் கைப்பிடிக்கு ஓட்டை இருந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சீரியல் செட் வயர் ஏன் இளகியது என்பது இப்போது புரிந்திருக்கும். வீட்டில் பிளக் பாயின்டுக்கு இழுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரையே எடுத்துக்கொள்வோம். அது சீரியல் வயரைவிடப் பலமடங்கு தடி. மூன்று மீட்டர் நீளத்தில் போக ஒன்று, வர ஒன்று. 150 ஆம்பியர் ஓடினால் 6 வோல்ட்டுக்கு மேல் அந்த வயரே தின்றுவிடும். 12இல் பாதி போய்விட்டால் செல்ஃப் எப்படிச் சுற்றும்? தின்ற மின்சாரமெல்லாம் சூடாக வெளிவரும், ஓர் இஸ்திரிப் பெட்டி அளவுக்கு. அதனால் ஜம்பர் கேபிள் வாங்கும்போது செம்பின் பருமனைக் கேளுங்கள். 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்து வாங்காதீர்கள், பெரிய டீசல் வண்டி என்றால் 25. சாலையோரம் மலிவாகத் தொங்கும் கேபிள்கள் விரல் தடிமன் இருக்கும். ஆனால் அதில் முக்கால்வாசி பிளாஸ்டிக்தான்.

இனி தலைப்புக்கு வருகிறேன். பேட்டரியில் சார்ஜ் ஏறும்போதும், காலியான பேட்டரிக்குள் திடீரென்று பெரிய மின்னோட்டம் பாயும்போதும், உள்ளிருக்கும் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயு வரும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு கலந்தாலே ஒரு பொறி பட்டு வெடிக்கும். பேட்டரி வெடித்தால் சிதறுவது அமிலமும் பிளாஸ்டிக் துண்டும், குனிந்து பார்ப்பவரின் முகத்தில்தான் படும். இரண்டு வண்டிகளை இணைக்கும்போது சுற்று முழுமையாகும் இடத்தில் பொறி வரத்தான் செய்யும், தவிர்க்க முடியாது. நம்மால் செய்ய முடிந்தது, அந்தப் பொறியைப் பேட்டரிக்குப் பக்கத்தில் விழாமல் தள்ளி வைப்பது. நாலு கிளிப்பை மாட்டும் வரிசை முழுவதும் இந்த ஒரு காரியத்துக்காகத்தான். இதைப் புரிந்துகொண்டால் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இரண்டு வண்டியையும் கேபிள் எட்டும் தூரத்தில், ஒன்றோடொன்று உரசாமல் நிறுத்துங்கள். இரண்டும் ஆஃப், கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். ஏசி, பாட்டு, விளக்கு எல்லாம் அணைக்கவும். மோதிரம், வளையல், இரும்புப் பட்டை வாட்ச் இருந்தால் கழற்றிப் பையில் போடுங்கள். டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவே மோதிரம் பாலம் போட்டால் அது விரலிலேயே பழுத்துவிடும். கண்ணாடி அணிபவர்கள் அணிந்துகொள்ளலாம். பீடி, சிகரெட் பிடிப்பவரைத் தெருமுனைக்கு அனுப்பிவிடுங்கள். தண்ணீர் மட்டம் பார்க்கத் தீக்குச்சி உரசும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. செல்போன் டார்ச் எதற்கு இருக்கிறது?

சிவப்பு கேபிளின் ஒரு முனை, படுத்த பேட்டரியின் பிளஸ்ஸில். எது பிளஸ் என்று வயர் நிறத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள், எத்தனையோ எலெக்ட்ரீஷியன்கள் கைவைத்த வண்டியாக இருக்கும். பேட்டரி மேலேயே + குறி இருக்கும். வழக்கமான பேட்டரிகளில் பிளஸ் குமிழ் மைனஸைவிடக் கொஞ்சம் தடியாகவும் இருக்கும். சிவப்பின் மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். அடுத்துக் கறுப்பு, நல்ல பேட்டரியின் மைனஸில். மிச்சம் இருப்பது ஒரே ஒரு கறுப்பு கிளிப். கை தானாகவே படுத்த பேட்டரியின் மைனஸுக்குப் போகும். போகவிடாதீர்கள். படுத்த வண்டியின் இன்ஜினில், பெயின்ட் இல்லாத கனமான இரும்புப் பகுதியில், ஒரு போல்ட்டிலோ பிராக்கெட்டிலோ, பேட்டரியிலிருந்து ஒரு முழமாவது தள்ளி மாட்டுங்கள். மைனஸ் ஏற்கெனவே பாடியோடு சேர்ந்துதான் இருக்கிறது, மெக்கானிக்குகள் 'பாடி எர்த்' என்பார்கள். அதனால் வேலை அதேபோல் நடக்கும், 'சிட்' என்று வரும் பொறி மட்டும் வாயு இல்லாத இடத்தில் விழும். பெல்ட், ஃபேன் சுற்றும் பக்கம் கேபிள் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு ஏன் முதலில் என்று கேட்கலாம். இரண்டு பாடியும் கறுப்பால் இணைந்துவிட்ட பிறகு சிவப்பு கிளிப் கைநழுவி எந்த இரும்பில் பட்டாலும் ஷார்ட்தான். சிவப்பை முதலில் முடித்துவிட்டால் அந்தப் பயமில்லை. பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றி மாட்டினால் ஃபியூஸோடு நிற்கலாம், நிற்காமல் டைனமோவும் கம்ப்யூட்டரும் போகலாம். இப்போதைய கார்களில் கம்ப்யூட்டர் போனால், பேட்டரி விலை ஒரு பொருட்டாகவே தெரியாது.

மாட்டியாகிவிட்டது. நல்ல வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். கூட்டத்தில் யாராவது "அடி, அடி" என்று அவசரப்படுத்துவார்கள், காதில் வாங்காதீர்கள். அந்த ஐந்து நிமிடத்தில் படுத்த பேட்டரிக்குக் கொஞ்சம் உயிர் ஏறும். பிறகு சாவி. ஒரு தடவைக்கு ஐந்து, பத்து நொடிக்கு மேல் வேண்டாம். எடுக்காவிட்டால் ஒரு நிமிடமாவது ஆறவிட்டு மறுபடி. மூன்று, நாலு தடவையிலும் எடுக்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். எடுத்துவிட்டால் உடனே கேபிளைப் பிடுங்காமல் ஏசி ஃபேனைப் போட்டுவிட்டு, மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்றுங்கள். இன்ஜினில் மாட்டிய கறுப்பு முதலில், படுத்த பேட்டரியின் சிவப்பு கடைசியில்.

லாரி விஷயத்துக்கு வருகிறேன். கனரக லாரி, பஸ்களில் பெரும்பாலும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாகச் சேர்த்து 24 வோல்ட்டாக வைத்திருப்பார்கள். 12 வோல்ட் காருக்கு அதைக் கொடுப்பது எதையும் எரித்துவிடும். கல்யாண மண்டபத்து லாரி டிரைவருக்கு நாம் எல்லோரும் நன்றி சொல்ல வேண்டும். டிராக்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட்தான், ஆனாலும் படித்துப் பார்க்காமல் மாட்டாதீர்கள். ஹைபிரிட் வண்டியையும் எலெக்ட்ரிக் வண்டியையும் அடுத்த வண்டிக்கு உயிர்கொடுக்கப் பயன்படுத்த வேண்டாம், கையேட்டில் அனுமதி இருந்தால் ஒழிய. அவற்றில் ஆரஞ்சு நிறத்தில் ஓடும் கேபிள்கள் பல நூறு வோல்ட். அந்தப் பக்கமே போகாதீர்கள். சில கார்களில் பேட்டரி டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும், பானெட்டுக்குள் இணைப்புக்குத் தனிக் குமிழ் கொடுத்திருப்பார்கள். கையேடு வேறு மாதிரிச் சொன்னால் கையேட்டையே கேளுங்கள், என்னை அல்ல.

சித்தப்பா சொன்ன 'தள்ளுங்கப்பா' முற்றிலும் தப்பில்லை. கிளச் உள்ள வண்டியில் இரண்டாம் கியரில் வைத்துத் தள்ளி, வேகம் வந்ததும் கிளச்சை விட்டால் எடுக்கும். ஆனால் இன்ஜின் ஓடாதவரை ஸ்டியரிங் கல்லாக இருக்கும், பிரேக்குக்கும் பழைய உதவி கிடைக்காது. சரிவில் தள்ளிவிட்டுப் பின்னால் ஓடியவர்களின் கதை எல்லா ஊரிலும் உண்டு. ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளிப் பயனேயில்லை. கிளச் பெடல் இல்லாத ஏஎம்டி வண்டிகளும் அந்தக் கணக்குத்தான்.

பேட்டரி வயிறு உப்பியிருந்தால், வெடிப்பு விட்டிருந்தால், அமிலம் கசிந்தால், அழுகிய முட்டை நாற்றம் வந்தால் எதையும் மாட்டாமல் விலகிவிடுங்கள். அமிலம் கண்ணில் தெறித்தால் கசக்காமல், சுத்தமான தண்ணீரில் கால் மணி நேரமாவது விடாமல் கழுவிக்கொண்டே கண் மருத்துவமனைக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள். வண்டியில் ஒரு கேன் தண்ணீர் எப்போதும் இருப்பது இதற்கும் நல்லது. கனடாவிலிருந்து நம்மைப் படிக்கும் வாசகர்களுக்கு ஒரு தனி வரி: சார்ஜ் இறங்கிய பேட்டரி உங்கள் குளிரில் உறைந்தே போகும். உறைந்த பேட்டரிக்கு ஜம்ப் கொடுப்பது ஆபத்து, உருகும்வரை பொறுங்கள்.

மழைக்காலத்துக்கு ஒன்று. சென்னைக்காரர்களுக்கு 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலும் மறந்திருக்காது. தண்ணீரில் மூழ்கி நின்ற வண்டி, வெயில் வந்ததும் செல்ஃப் எடுக்கவில்லை என்று பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து கேபிள் போடுவார்கள். போடவே கூடாது. காற்று போகும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்திருந்தால், காற்றைப்போல் அது அமுங்கிக்கொடுக்காது. செல்ஃப் சுற்றினால் உள்ளிருக்கும் இரும்புத் தண்டு வளையும், இன்ஜினையே பிரிக்க வேண்டியிருக்கும். சாவியையே தொடாமல், வண்டியை இழுத்துப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் நான் சொன்ன எதையும் ஓடும் லாரிகளுக்கு நடுவில் செய்ய வேண்டாம். இடது ஓரம் கட்டி, நாலு இண்டிகேட்டரும் போட்டு, முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, குடும்பத்தைச் சாலையை விட்டு இறக்கி நிறுத்துங்கள். 1033 நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண், இரவிலும் எடுப்பார்கள்.

வண்டி எடுத்துவிட்டது என்பதால் பேட்டரி பிழைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அரைமணி நேரம் ஓட்டினால் அடுத்த தடவை எடுக்கும் அளவுக்குச் சார்ஜ் ஏறலாம். முழுதாக ஏற்ற, கடையில் சார்ஜரில் பல மணி நேரம் போட வேண்டும். முதல் நிறுத்தத்திலேயே இன்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். மறுநாள் காலையும் படுத்தால் ஒரு மல்டிமீட்டர் பதில் சொல்லும். இன்ஜின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையில் காட்டினால் டைனமோ சரி, பேட்டரிக்கு வயதாகிவிட்டது. அதைவிடக் குறைவு என்றால் புதுப் பேட்டரி வாங்கியும் அதே கதிதான். 'டைனமோ சார்ஜ் பண்ணுதா பார்ப்போம்' என்று இன்ஜின் ஓடும்போதே டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழைய வித்தையை இந்தக் காலத்து வண்டியில் செய்யவிடாதீர்கள்.

நம் வெயிலில் பேட்டரிக்கு மூன்று முதல் ஐந்து வருடம் ஆயுள். சூடுதான் உள்ளிருக்கும் தகடுகளை அரிக்கிறது. மார்கழிக் காலையில் வண்டி படுத்தால் பனியைத் திட்டுகிறோம், சித்திரை வெயில் செய்து முடித்த வேலை அது. மாற்றும்போது பழையதைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள், விலையில் கழித்துக்கொள்வார்கள். 2022 முதல் பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் சட்டவிதியே வைத்திருக்கிறது. காயலான் கடையில் போட்டால் யாராவது கொல்லைப்புறத்தில் உடைத்து ஈயத்தை உருக்குவார்கள். அந்தப் புகையும் கழிவும் முதலில் சேருவது பக்கத்தில் விளையாடும் பிள்ளைகளின் ரத்தத்தில்.

கும்பகோணத்து வாசகிக்கு இந்த இதழோடு ஒரு ஜம்பர் கேபிளும் அனுப்புகிறோம், 25 சதுர மில்லிமீட்டர். அடுத்த கல்யாணத்தில் யார் வண்டி படுத்தாலும் கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் சித்தப்பா" என்று சொல்லுங்கள் அம்மா. என்ன நடந்தது என்று எழுதவும் மறக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்